வாரம் ஒரு ஊர்: ஹோய் ஆன் போகும் முன் காரைக்குடி!

லீவு நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வியட்நாம் படம் வந்து விழுகிறது. மஞ்சள் சுவர், வாசலுக்கு வாசல் கலர் கலராகப் பட்டுத்துணி விளக்குகள், ஆற்றில் குட்டிப் படகு, கீழே ஒரு டூர் பேக்கேஜ் விலை. அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஹோய் ஆன்தான். பெங்களூரு விமான நிலையம் நம் தருமபுரிக்காரர்களுக்குக் காலையில் கிளம்பினால் எட்டிவிடும் தூரம். அதனால் பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று எல்லாப் பக்கமும் இதே பேச்சு. "போலாமா? செலவு பண்ற அளவுக்கு அங்க என்ன இருக்கு?"

போகலாம். நல்ல ஊர். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு காரைக்குடிப் பக்கம் போய் வாருங்கள் என்பேன். வியாபாரிகள் கட்டிய பழைய வீடுகள், கைவேலை, வேறெங்கும் கிடைக்காத சாப்பாடு. ஹோய் ஆனில் பார்க்கப்போகும் மூன்றுமே அங்கே இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் உறவும் உண்டு. அதைவிட முக்கியம், ஒரு பழைய வணிக ஊரில் எதைப் பார்ப்பது, எதை வாங்குவது என்று காரைக்குடி நமக்குக் கற்றுத் தந்துவிடும்.

ஆறு கைவிட்ட ஊர்

ஹோய் ஆன் வியட்நாமின் நடுப்பகுதியில், து போன் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. 15-ம் நூற்றாண்டிலிருந்து 19-ம் நூற்றாண்டு வரை பெரிய துறைமுகம். சீனர், ஜப்பானியர், பின்னால் ஐரோப்பியர் எல்லோரும் பட்டுக்கும் பீங்கானுக்கும் வாசனைப் பொருளுக்கும் இங்கே வந்தார்கள். ஜப்பானியர் கட்டிய கூரை போட்ட பாலம் இன்றும் ஊரின் அடையாளம்.

பிறகு ஆற்றில் மணல் மேடிட்டது. பெரிய கப்பல் உள்ளே வர முடியவில்லை. வியாபாரம் பக்கத்து டா நாங் துறைமுகத்துக்குப் போய்விட்டது. ஊரில் பணம் இல்லை. பணம் இல்லாததால் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவும் யாருக்கும் வழியில்லை. அதுவே ஊரைக் காப்பாற்றியது. 1980-களில் போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காஸிமியெஷ் க்வியாட்கோவ்ஸ்கி அங்கே வந்து, இந்த வீடுகளின் அருமையை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். அவருக்கு ஊருக்குள் சிலை வைத்திருக்கிறார்கள். 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஹோய் ஆன் சேர்ந்தது.

அங்கே பழைய வீடுகளையும் சீனர்களின் சங்க மண்டபங்களையும் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கே திரும்பி வருவோம்.

சைகோனுக்குப் போன செட்டிநாடு

காரைக்குடியில் துறைமுகம் இல்லை, பெரிய ஆறும் இல்லை. வறண்ட பூமி. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த மண்ணைப் பார்த்ததும் சொந்த ஊர் ஞாபகம் வரும். ஆனால் இந்த வறண்ட பூமியிலிருந்து கிளம்பிய நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் என்று கடல் கடந்து லேவாதேவி நடத்தினார்கள்.

19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் செட்டியார்கள் கடை வைத்திருந்தார்கள். மேகோங் ஆற்றுப் படுகையில் நெல் போட்டவர்கள் இவர்களிடம் கடன் வாங்கினார்கள். அந்த சைகோன்தான் இன்றைய ஹோ சி மின் நகரம். அங்கே பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தண்டாயுதபாணி கோயிலும் இருக்கிறது. 1975-க்குப் பிறகு தமிழர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். மாரியம்மனுக்கு இப்போது ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுபவர்களில் நிறையப் பேர் வியட்நாம்காரர்களே.

இந்தப் பணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களில் உலகம் முழுக்க நெல் விலை விழுந்தபோது, பர்மாவில் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. பிறகு ஜப்பான் படையெடுப்பு, பர்மா விடுதலை, அரசுடைமை என்று ஒவ்வொன்றாக வந்து அந்த நிலமும் கையை விட்டுப் போனது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணைத் தொட்டுப் பார்க்கும்போது இந்தக் கதை முழுவதும் தெரிந்திருப்பது நல்லது. குழந்தைகளுக்கும் சொல்லலாம்.

முகப்பிலிருந்து அடுப்படி வரை

ஒரு காலத்தில் 96 ஊர்கள் என்பார்கள். இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கொத்தமங்கலம் என்று ஒவ்வொன்றிலும் தெரு முழுக்க மாளிகைகள். பெரும்பாலானவை 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டியவை.

வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. முகப்பு, கணக்குவழக்கு பார்த்த திண்ணை, பட்டாலை, வானம் தெரியும் வளவு, இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஹோய் ஆன் வீடுகளும் இதே மாதிரி நீளவாக்கில் போகும். முன்பக்கம் கடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்பக்கம் ஆற்றில் சரக்கு இறக்கும் வாசல். இரண்டும் வியாபாரி வீடு அல்லவா?

பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று பட்டியல் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு மூன்று.

ஒன்று, சுவர். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துத் தேய்த்த பூச்சு. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று, கண்ணாடி மாதிரி வழுக்கும்.

இரண்டு, கூரை. நாலு பக்க ஓட்டிலிருந்தும் மழைத் தண்ணீர் வளவுக்குள் விழும்படி சரிவு. ஊர் முழுக்க ஓடும் மழைநீர் ஊருணிக்குப் போக வாய்க்கால். தண்ணீர் இல்லாத ஊரில் பணக்காரன் முதலில் கட்டியது தண்ணீருக்கான வழி.

மூன்று, வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. ஆனால் அடுப்பு தனித்தனி! அப்படி ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு 'புள்ளி' என்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்தும் இருக்க வேண்டும், மாமியார் மருமகள் சமையலறைச் சண்டையும் கூடாது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

பூட்டிய வீடு, பிரித்த வீடு

இப்போது அந்த அறைகளில் பெரும்பாலும் பூட்டு. பிள்ளைகள் சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். கல்யாணம், சாமி கும்பிடு என்றால் வருவார்கள், மறுபடி பூட்டுவார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லோரும் பணம் போட வேண்டும். ஒத்துவராத வீடு கடைசியில் விலைக்குப் போகிறது. பல சமயம் வீடாக அல்ல, துண்டு துண்டாக. கதவு தனி, தூண் தனி, ஜன்னல் தனி.

அந்தத் துண்டுகளில் பலவும் வந்து சேருமிடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்கு, பர்மா அரக்குப் பெட்டி, ரவிவர்மா அச்சுப் படம், அண்டா, பூட்டு, கடிகாரம், தேக்குத் தூண். ஒரு மணி நேரம் சுற்றினால் ஒரு மியூசியம் பார்த்த மாதிரி. கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் எடுக்காவிட்டால் பாதி விறகாகவும் பழைய இரும்பாகவும் போயிருக்கும்.

ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாம் ஒரு பழைய கதவை ஆசைப்பட்டு வாங்கினால், அடுத்த கதவுக்கு விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு மதிப்பு அதிகமாகிவிடுகிறது. ஹோய் ஆன் கடலிலும் இப்படி ஒன்று நடந்தது. அங்கே மூழ்கிக் கிடந்த 15-ம் நூற்றாண்டுக் கப்பலிலிருந்து எடுத்த பீங்கான்களில் ஏராளமானவை 2000-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஏலத்துக்குப் போய், உலகம் முழுக்கச் சிதறிவிட்டன.

அதனால் இந்த வாரக் கட்டுரையின் சாரம் இதுதான்: பழைய ஊருக்குப் போனால் பழசைப் பாருங்கள், புதுசை வாங்குங்கள். இன்றைக்கு உயிரோடு இருக்கும் கை செய்ததை வாங்கினால் அந்தக் கை நாளைக்கும் அதைச் செய்யும்.

கண்ணாடி மேல் பிறக்கும் கல்

எங்கே வாங்குவது? முதலில் ஆத்தங்குடி. அங்கே தரைக்கல் செய்வதை நின்று பார்க்கலாம். குழந்தைகள் இருந்தால் கட்டாயம் போங்கள்.

ஒரு சதுரக் கண்ணாடி. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் கலர் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பிறகு கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து எடுத்தால் கண்ணாடி தனியாகக் கழன்று வருகிறது. சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பு. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, நடந்து பழகப் பழகப் பளபளப்பு கூடும். கையால் ஊற்றுவதால் ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது.

புது வீடு கட்டும் நம்மவர்கள் எல்லோரும் இப்போது ஒரே மாதிரி வெள்ளை டைல்ஸ்தான் போடுகிறோம். வீடு முழுக்க ஆத்தங்குடிக் கல் போட முடியாவிட்டாலும் பூஜை அறைக்கு, இல்லை வாசல் திண்ணைக்கு மட்டும் போடலாமே!

அடுத்தது கண்டாங்கிச் சேலை. பெரிய கட்டம், அகலக் கரை, மஞ்சளும் அரக்கும் கறுப்புமாக அழுத்தமான கலர். கனமான பருத்தி. துவைக்கத் துவைக்க மெதுவாகும். 2019-ல் காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறியில் அதே கட்டத்தைப் போட்டு பாதி விலைக்கு விற்பவர்களும் உண்டு. அதனால் நெய்பவர்களிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது கொட்டான். பனை ஓலைக்குச் சாயம் ஏற்றிப் பின்னிய கூடை. கல்யாணச் சீரில் வெற்றிலை பாக்கும் பலகாரமும் வைத்துக் கொடுக்க ஆச்சிமார் வீட்டிலேயே பின்னியது. பிளாஸ்டிக் வந்து கிட்டத்தட்ட மறந்து போன நேரத்தில், ஒரு பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து மீட்டது. இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. தாம்பூலப் பை யோசிப்பவர்கள் ஒரு முறை கொட்டானை யோசித்துப் பாருங்கள்.

அன்னாசிப்பூ சொல்லும் கதை

இனி சாப்பாடு. நம் ஊர் ஓட்டல்களில் சிவப்புக் கலர் போட்டு 'செட்டிநாடு சிக்கன்' என்று தருவதை மறந்துவிடுங்கள். அங்கே மிளகு, சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் அன்றைக்கு வறுத்து அன்றைக்கு அரைத்தது. காரம் நாக்கில் சுள்ளென்று அடிக்காமல் மெல்ல ஏறும்.

சைவக்காரர்களுக்கு ஏமாற்றம் இல்லை. அரிசி களைந்த கெட்டித் தண்ணீரில் புளி விட்டுச் செய்யும் வெண்டைக்காய் மண்டியைக் கேட்டுச் சாப்பிடுங்கள். சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். இனிப்புக்குக் கந்தரப்பம், ரங்கூன் புட்டு, கவுனி அரிசி. அந்தக் கறுப்பு அரிசி பர்மாவிலிருந்து வந்த பழக்கம். ராத்திரி ஊற வைத்து, குழைய வேக வைத்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் போட்டுத் தருவார்கள். புட்டின் பெயரே ரங்கூனைச் சொல்லிவிடுகிறது!

அன்னாசிப்பூ வளரும் இடம் தெரியுமா? வட வியட்நாம் மலைகளும் தென் சீனமும். இன்றும் நாம் வாங்கும் அன்னாசிப்பூவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. வியட்நாமின் புகழ்பெற்ற 'ஃபோ' நூடுல்ஸ் சூப்பை வாசம் பிடித்தால், "இது எங்கேயோ தெரிஞ்ச வாசமா இருக்கே" என்று தோன்றும். செட்டிநாட்டுக் குழம்பில் இருக்கும் அதே அன்னாசிப்பூவும் பட்டையும்.

ஹோய் ஆனுக்கென்றே ஒரு நூடுல்ஸ் உண்டு. பெயர் காவ் லாவ். அந்த ஊரின் ஒரு பழைய கிணற்றுத் தண்ணீரில் செய்தால்தான் சரியாக வரும் என்பது ஊர்ப்பேச்சு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தண்ணீர்ப் பெருமை!

டிக்கெட் எடுத்துப் பாருங்கள்

ஹோய் ஆன் டிக்கெட்டுக்குத் திரும்பி வருவோம். அங்கே ஊர் முழுக்க ஒரு முறையாக நடப்பது இங்கே தனித்தனியாக, சின்ன அளவில் நடக்கிறது. ஆத்தங்குடி லட்சுமி விலாஸ் போன்ற சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். சில மாளிகைகள் தங்கும் விடுதிகளாகி, ஓடும் மரமும் பிழைத்திருக்கின்றன. கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, "உள்ளே போக எதுக்குப் பணம்?" என்று திரும்பிவிடாதீர்கள். தரையைத் துடைக்கும் அம்மாவுக்கும் மரத்துக்குப் போடும் எண்ணெய்க்கும் அந்தப் பணத்திலிருந்துதான் போகிறது.

நம்ம பக்கம்

இந்தக் கண்ணோடு திரும்பி வந்து நம் மாவட்டத்தையும் ஒரு முறை பாருங்கள். ஹோய் ஆனுக்குப் பக்கத்தில் தான் ஹா என்று ஒரு குயவர் ஊர். வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் கொடுத்து உள்ளே போய், சக்கரம் சுற்றி, மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் அதியமான்கோட்டையிலும் சக்கரம் சுற்றுகிறது. கார்த்திகைக்கு அகல் விளக்கு வாங்கும்போது மட்டும்தான் நமக்கு அந்த ஞாபகம். அங்கேயே சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ராமாயண, மகாபாரத ஓவியங்கள் இருக்கின்றன. எத்தனை பேர் தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கிறோம்? பட்டுத்துணி விளக்கைப் பார்க்க வியட்நாம் போகும் பிள்ளைகளுக்கு, தருமபுரி பட்டுக்கூடு சந்தையை ஒரு நாள் காலையில் காட்டலாம்.

பூட்டிய வீடும் செட்டிநாட்டில் மட்டும் இல்லை. பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போன குடும்பங்களின் வீடுகள் நம் கிராமங்களிலும் பூட்டித்தான் கிடக்கின்றன. லீவுக்கு ஒரு வாரம் அந்தக் கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, கேழ்வரகுக் களி கிண்டினால் அதுவும் ஒரு பயணம்தான்.

கிளம்புமுன்...

* தருமபுரியிலிருந்து சேலம், நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி சுமார் 300 கிலோமீட்டர். போகும் வழியில் திருமயம் கோட்டை. பஸ் என்றால் சேலத்திலும் திருச்சியிலும் மாறிக்கொள்ளலாம்.

* காரைக்குடியில் தங்கினால் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி எல்லாம் காரில் சுமார் அரை மணி நேரம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்.

* ஆளிருக்கும் வீடுகள் நிறைய. அனுமதி கேட்காமல் உள்ளே நுழையவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

* நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. துபாய் அண்ணனுக்கும் அமெரிக்க அக்காவுக்கும் பரிசு என்றால் கண்டாங்கியே பத்திரம்!

* ஹோய் ஆன் போக டா நாங் விமான நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இ-விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். அக்டோபர், நவம்பரில் ஊருக்குள் வெள்ளம் வரும்.

* அங்கே மீன் சாறு சேராத சமையல் குறைவு. சைவம் என்பதற்கு 'அன் சாய்' என்று சொல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம் சாப்பிடுவது அவர்களுக்கும் வழக்கம்.

* ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மீ சோன். சம்பா மன்னர்கள் கட்டிய சிவன் கோயில்கள். நம் இந்தியத் தொல்லியல் துறைதான் சிலவற்றைச் சீரமைத்தது. 2020-ல் அந்த வேலையின்போது 9-ம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று கிடைத்தது. ஒரு நாள் ஒதுக்குங்கள்.

காரைக்குடியோ ஹோய் ஆனோ, போய் வந்தவர்கள் எழுதுங்கள். என்ன பார்த்தீர்கள் என்பதோடு, யார் கையிலிருந்து என்ன வாங்கினீர்கள் என்றும் எழுதுங்கள்.